கருமணல் மேல் கட்டிய அறை

தண்ணீர் ஃபில்டரின் நீலக் கூட்டைத் திருகிக் கழற்றியதும் ஒரு வாடை எழும். ஊறிய ஆணி, பாசி, மழை விட்டபின் தகரக் கூரை, மூன்றும் சேர்ந்த வாடை. சிலருக்குக் குமட்டும். நான் மூக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோவேன். காலையில் ஈப்போவில் ஒரு சமையலறை, பிற்பகல் சிலிம் ரிவரில் இன்னொன்று, மறுநாள் ஆயர் தாவார் பக்கம். இருபது வருடமாக வீடு வீடாகப் போய் ஃபில்டர் மாட்டுவதும் அதன் உள்குழலை மாற்றுவதும்தான் பிழைப்பு. ஓரிடத்தில் இருக்கத் தெரியாத காலுக்கு நல்ல சாக்கு. எந்த வீட்டுக் கூட்டைத் திறந்தாலும் இப்போதெல்லாம் அந்த வாடை என்னைக் கொண்டுபோய் நிறுத்துவது என் அக்காள் வீட்டுப் பின்னறையில். அந்த அறைக்காக நாங்கள் தவித்த வாரங்களில்.

அக்காள் வீடு ஈப்போவுக்குத் தெற்கே, ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில், ஓர வீடு. முன்பு அந்த நிலத்தில் பாதி ரப்பர்த் தோட்டம், மீதி வெள்ளீயம் தோண்டி எடுத்த காடு. ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடுகள் வந்தன. பழைய ஈயக்குட்டைகளில் இரண்டு இன்னும் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமைகளில் கரையோரம் தூண்டில் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வீடு சின்னது. பின்பக்கம் கிடந்த காலி இடத்தில் மச்சான், அக்காளின் கணவர், தன் கையாலேயே ஓர் அறை கட்டினார். அதோடு ஒட்டிய குளியலறை, அதற்கு வெளியே ஒரு குழாய்க் கிணறு, மோட்டார். அந்தத் தண்ணீருக்கு ஃபில்டர் போட்டவன் நான்.

அந்த வருடம் அக்காளின் ஒரே மகள் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். கோலாலம்பூரில் வேலை, ஆயர் தாவாரில் புகுந்த வீடு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதில் அக்காளுக்குப் பேச்சே கிடையாது. ஐந்தாம் மாதத்திலேயே பின்னறையைத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டாள். சன்னலுக்கு இரட்டைத் திரை. கதவின் அடியில் வைக்கச் சுருட்டித் தைத்த துணி. சன்னல் இடுக்குகளில் டேப். பிள்ளை பெத்தவள் மேல் காற்றுப் படக்கூடாது.

"ஆஙின் ஏறிரிச்சுன்னா ஒடம்பு அவ்வளவுதான்லா" என்பாள், காற்றை மலாயில் சொல்லி. "நாப்பது நாளைக்கு ஒரு பொட்டுக் காத்து உள்ள வரக்கூடாது."

நானும் டேப் ஒட்டிக் கொடுத்தேன்.

இதற்கிடையில்தான் ஈப்போவில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று தலைமுறையாக உணவுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். கடையில் உட்காராமல் படித்து, ஒரு ஆய்வுக்கூடத்தில் மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கிற வேலைக்குப் போய்விட்டவர். அவர் வீட்டு உள்குழலை மாற்றிக்கொண்டே வாய் சும்மா இருக்காமல் பெருமையடித்தேன்.

"எங்க அக்கா வீட்டுக் கெணத்துத் தண்ணி ஒரு வாய் குடிச்சீங்கன்னா, இந்த ஃபில்டரக் கழட்டி எறிஞ்சிருவீங்க."

"நீங்க ஃபில்டர் விக்கிறவர்தானே அண்ணே?"

"உண்மையச் சொல்லணும்ல."

"அந்தத் தண்ணி டெஸ்ட் பண்ணியாச்சா?"

"நாந்தானே ஃபில்டர் போட்டிருக்கேன்."

"ஃபில்டர் நெறத்த எடுக்கும், வாடைய எடுக்கும். நான் கேட்டது டெஸ்ட்."

இருபது வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நானும் யாரிடமும் கேட்காத கேள்வி. வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார், சொன்னேன். "அது பழைய ஈயக்காடாச்சே" என்றார். அப்புறம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த அறை மூடியே கிடக்கும் என்றெல்லாம் விசாரித்தார். பிரசவ அறையைப் பற்றிச் சொன்னதும் எழுந்து உள்ளே போனார்.

இரண்டு போத்தல் கொடுத்தார், தண்ணீர் பிடித்து வர. உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைக் கருவியும் கொடுத்தார். மண்ணிலிருந்து ரேடான் என்று ஒரு வாயு வருகிறதாம். நிறமில்லை, வாடையில்லை. பாறைக்குள் இருக்கும் யுரேனியம் சிதைந்து சிதைந்து அதுவாக ஆகிறது. வெளியே வந்தால் காற்றோடு கரைந்துவிடும். தரை வெடிப்பு வழியாக மூடிய வீட்டுக்குள் வந்தால் தங்கிவிடும். வருடக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலில் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகலாம்.

"ரூம மூடி, தரைக்குக் கொஞ்சம் மேல வைங்க. ஒரு வாரம் யாரும் அசைக்கக் கூடாது."

அக்காள் அந்தக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அப்புறம் எப்படி இருக்குங்கிறே?"

"இந்த மெசின் சொல்லும்."

"மெசினுக்கு மூக்கு இருக்கா?"

மச்சான் ஹாலில் தொலைக்காட்சியைப் பார்த்தபடி சிரித்தார். அக்காள் சிரிக்கவில்லை. கருவியை ஒரு முக்காலியில் வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்: "தம்பி, பிள்ள வர்ற நேரத்துல வீட்டுல குத்தம் தேடாத. ஆயர் தாவாருல சம்மந்தியம்மா காதுல விழுந்தா போதும். அவங்க வீடு பெரிய வீடு. 'எங்க வீட்டுலயே பாத்துக்கிறோம்'னு கார எடுத்துட்டு வந்து நின்னுருவாங்க. அப்புறம் என் மவ இந்த வாசப்படி மிதிக்க மாட்டா."

அதுதான் அவள் பயம். வாயு அல்ல. தலைப்பிள்ளை வேறு வீட்டில் கண் விழித்துவிடும் என்பது.

ஒரு வாரம் கழித்து எடுக்கப் போனேன். முக்காலி மேல் கருவி அப்படியே இருந்தது, நெற்றியில் சந்தனப் பொட்டோடு. அந்த வீட்டில் மாவு அரைக்கும் மெசினுக்கும் பொட்டு உண்டு. திரையில் சின்ன எண். அந்தப் பெண் சொன்ன எல்லைக்கு ரொம்பக் கீழே. எனக்கு வந்த சந்தோஷத்தில் "ஒன் வீடு பாஸ் ஆயிருச்சுக்கா" என்று கத்தினேன். அக்காள் ஒரு தட்டு நிறைய வடை வைத்துக் கொடுத்தாள், ஆய்வுக்கூடத்துக்கும் தனியாகக் கட்டிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் வடையைக் கடித்துக்கொண்டே கருவியைக் கைப்பேசியோடு இணைத்தார். பொட்டைப் பார்த்தார், துடைக்கவில்லை. திரையில் தெரிந்தது கடைசி நாளின் அளவு மட்டும்தானாம். கருவி ஒவ்வொரு மணி நேரத்தையும் உள்ளே குறித்து வைத்திருந்தது. கைப்பேசியில் ஒரு கோடு. மூன்று நாளாக மலை உச்சியில் நடந்த கோடு, சட்டென்று பள்ளத்தில் விழுந்து, அங்கேயே படுத்துக் கிடந்தது.

"அண்ணே, வெள்ளிக்கிழம காலையில அங்க என்ன நடந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அக்காளைக் கைப்பேசியில் கூப்பிட்டு, இருவரும் கேட்கும்படி வைத்தேன்.

"வெள்ளிக்கெழம வீடு கழுவணும்ல?" என்றாள் அக்காள். "தண்ணி பட்டு மெசின் கெட்டுப்போயிருமேன்னு எடுத்து வெளிய துளசிச் செடிகிட்ட வெச்சேன். காத்தாட இருக்கட்டுமேன்னு அங்கயே விட்டுட்டேன். பாவம், அதையும் போட்டு அடச்சு வெச்சிருந்தா எப்படி? நீ வர்றதுக்கு முன்னாடிதான் திரும்பி உள்ள வெச்சேன்."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. நானும் சிரித்தேன். அவர் சிரிப்பு எனக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

"அக்கா, அந்த ரூம்ல இப்ப யாரு படுக்கிறாங்க?"

"நாந்தாம்மா. மவ படிக்கிறப்ப அவ படுத்தா. அவ கே.எல். போனப்புறம் நான். இவரு ஹாலு, டிவி முன்னாலயே தூங்கிருவாரு."

"எத்தன வருசமாக்கா?"

மகள் கே.எல். போன வருடத்திலிருந்து அக்காள் வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள். 

சனிக்கிழமை அந்தப் பெண் நேரிலேயே வந்தார். யாரும் அனுப்பவில்லை. விடுமுறை நாள், சொந்தக் கார், சொந்தக் காசில் பெட்ரோல். அக்காள் விறைப்பாகத்தான் வரவேற்றாள். ஆனால் புதுச் சட்டியில் கடையிலிருந்து வாங்கிய பாலில் டீ போட்டாள், தன் வீட்டுச் சட்டியில் விருந்தாளிக்குச் சங்கடம் இருக்குமோ என்று. வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் பின்னறைக்குப் போய் குந்தி உட்கார்ந்தார். குளியலறைக் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில் விரல் போகிற அளவு இடைவெளி. அதில் கையை வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, இந்தத் தரைக்குக் கீழ என்ன போட்டு நெரப்புனீங்க?" என்று மச்சானைக் கேட்டார்.

மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த அறையைப் பற்றி இத்தனை வருடத்தில் யாராவது கேட்டிருக்கிறார்களா?

"அமாங்" என்றார். "கருமணலு. அப்ப நான் ஈயமணல் கழுவுற எடத்துல லோரி ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஈயத்த எடுத்தப்புறம் மிஞ்சுறது. சும்மா மலையா கெடக்கும். யாருக்கு வேணும்னாலும் அள்ளிக்கலாம். சாதா மணலவிட ரெண்டு மடங்கு கனம் இருக்கும். போட்டு இடிச்சா கல்லு மாதிரி ஒக்காந்துரும். இன்னிக்கி வரைக்கும் தர எறங்கல, பாருங்க."

அந்த மணலை எனக்கும் தெரியும். எள்ளைக் கொட்டியது போலக் கறுப்பாக, வெயிலில் மினுக்கும். கோணியில் அரை மூட்டை போட்டாலே இடுப்பு ஒடியும். மச்சானோடு சேர்ந்து இறக்கிப் போட்டவன் நான்தான். மினுக்குகிறதே என்று அக்காள் ஒரு குவளை எடுத்துப் பூச்செடித் தொட்டியில் தூவியும் வைத்தாள்.

அந்தப் பெண் எழுந்து, மச்சானுக்கு எதிரே வந்து நின்று, மெதுவாகச் சொன்னார். அந்த வாயுவைக் கொடுக்கிற தாது அந்த மணலில்தான் அதிகம். ஈயம் போனபின் அது சேர்ந்து செறிந்து கிடக்கும். அதன் மேல்தான் கட்டில் போட்டிருக்கிறோம்.

"தெரியாம செஞ்சதுண்ணே. நீங்க ஒருத்தர் மட்டும் செய்யல, சும்மா கெடச்ச மணலு."

மச்சான் தரையைப் பார்த்தார். தான் இழைத்து இழைத்துப் பூசிய தரை.

அக்காளுக்கு ஒரே கேள்விதான் இருந்தது. "அப்போ என் மவ இங்க வர முடியாதா?"

"நாப்பது நாள்ல பிள்ளைக்கு ஒன்னும் ஆயிராதுக்கா, பயப்படாதீங்க. இது வருசக்கணக்குல செய்யிற வேல. ஆனா தெரிஞ்சதுக்கப்புறம் பிள்ளைய இந்த ரூம்ல, இப்படி அடச்சு வெச்சுப் படுக்கப் போடச் சொல்ல என்னால முடியாது. இன்னும் எத்தன நாள் இருக்கு?"

"ஏழு வாரம்."

"அப்ப தரைய மாத்த நேரம் இருக்கு."

அக்காள் சமையலறைக்குப் போய்க் கழுவின தட்டுகளையே மறுபடி கழுவினாள். வேறு அறையில் வைத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டபோது முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "அந்தச் சின்ன ரூம்ல கட்டில் போட்டா கதவு தொறக்காது. ராத்திரிக்கு ராத்திரி பச்ச ஒடம்புக்காரி ஹாலத் தாண்டி பாத்ரூம் போவாளா? அவ ஆயர் தாவாருக்கே போகட்டும் விடு."

விடச் சொன்ன குரல் இல்லை அது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மச்சான் அழைத்தார். "மாப்ள, ஒன்கிட்ட தர ஒடைக்கிற மெசின் இருக்குல்ல? எடுத்துட்டு வா."

போனபோது கட்டில் வாசலில் நின்றது. அந்தப் பெண் எழுதிக் கொடுத்த தாள் சுவரில் ஒட்டியிருந்தது: மணலை நனைத்துக்கொண்டே அள்ளவும், முகக்கவசம் கழற்ற வேண்டாம், சாக்கடையில் கொட்ட வேண்டாம். மணலை எடுத்துப்போக எந்த அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்பதும், மலாயில் அவரே நிரப்பிய மனுவும். மச்சான் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்துச் சன்னல் விளிம்பில் வைத்தார். புகையும் அந்த வாயுவும் சேர்ந்தால் மோசம் என்று முந்தின நாள் கேட்டிருந்தார். பெட்டி அங்கேயே நமுத்துப் போய், அக்காள் ஒரு நாள் கூட்டி எறிந்தாள்.

மூன்று ஞாயிறுகள் உடைத்தோம், அள்ளினோம். இடையில் அவருடைய வேலை நாட்களிலும் சாயங்காலம் ஒரு மணி நேரம்.

"தூக்கிப் போட்டப்ப எனக்கு நாப்பது வயசு" என்றார் மச்சான், மூச்சு வாங்கிக்கொண்டு. "மணலுக்கு மட்டும் வயசே ஆகல பாரு, மாப்ள."

பக்கத்து வீட்டுக்காரர் வேலி மேல் எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், பொதையலா?"

"ஈயம் மிச்சம் இருக்கான்னு பாக்குறோம்."

"கெடச்சா எனக்கும் ஒரு பங்குலா."

"ஒனக்கில்லாததா. இப்பவே ஒரு மூட்ட தரேன், வா."

பள்ளத்தில் ஜல்லி போட்டோம். அதற்குள் துளையிட்ட குழாய் படுக்க வைத்து, மேலே தடித்த பிளாஸ்டிக் விரித்து, ஓரமெல்லாம் ஒட்டி, சிமெண்ட் ஊற்றினோம். குழாயைச் சுவரோரமாகக் கூரைக்கு மேல் ஏற்றி, வெளிப்பக்கம் ஒரு சின்ன மின்விசிறி. தரைக்கடியில் ஊறுகிற காற்று அறைக்குள் வருமுன் இழுபட்டு வானத்துக்குப் போய்விடும். தண்ணீரைக் கீழே இறக்கியே பழகிய கை என்னுடையது. காற்றை மேலே ஏற்றக் குழாய் பூட்டியபோது ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு தரம் திருகிப் பார்த்தது.

தண்ணீர்ச் சோதனையின் முடிவும் வந்திருந்தது. இரும்பு அதிகம், மழைக்குப் பிறகு கிருமி. அதில் கரைந்திருக்கும் அதே வாயு, சுடவைத்து மூடின குளியலறையில் ஊற்றும்போது வெளியே வரும்.

"கொதிக்க வெச்சா?" என்று கேட்டேன், கெட்டிக்காரனைப் போல.

"கிருமி சாகும்ணே. இரும்பு சாகாது."

இனிப்பு என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த தண்ணீர். என் ஃபில்டர் அதற்கு முகம் கழுவிவிட்டிருந்தது, அவ்வளவே. அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீர் செடிக்கும் வாசலுக்கும் மட்டும். பிள்ளைக்கும் தாய்க்கும் அரசாங்கக் குழாய்த் தண்ணீர். "மருந்து வாட அடிக்குதே" என்றாள் அக்காள். அந்தக் குளோரின் வாடைக்குத்தான் என்னிடம் கரிக்குழல் இருக்கிறது. புதிதாக மாட்டினேன். இப்போதெல்லாம் கிணறு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் போத்தலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் நான் ஃபில்டர் மாட்டுவதில்லை.

இரண்டாம் முறை கருவி வைத்தது பிரசவத்துக்குப் பதினைந்து நாள் முன்னால். அக்காள் முக்காலியைச் சுற்றி ஒரு கோலம் போட்டாள், மறந்துபோய்த் தானே தூக்கிவிடாமல் இருக்க. வெள்ளிக்கிழமை வந்தது. கோலத்துக்கு வெளியே மட்டும் கழுவினாள். இந்த முறை கோடு எழும்பவே இல்லை. மனசு கேட்காமல் அக்காள் அந்தப் பெண்ணிடமே கேட்டாள்: "இது மெய்யாலுமே ஓடுச்சா? நான் தொடவே இல்லம்மா."

சன்னல் விஷயம்தான் கடைசிவரை இழுத்தது. டேப்பைப் பிரிக்க அக்காள் சம்மதிக்கவில்லை. அந்தப் பெண் வற்புறுத்தவும் இல்லை, ஆஙினைப் பற்றிச் சிரிக்கவும் இல்லை. அவர் உம்மாவும் அப்படித்தானாம். யோசித்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளைக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுறது எங்க?"

"முன் ஹாலுல, வெயில் வர்ற எடத்துல."

"தாயும் அங்கதான் இருப்பாங்க?"

"இருப்பா."

"அப்ப ரூம்ல யாருமே இல்லியே. அந்த நேரம் தொறந்து வைங்க. அவங்க திரும்புறதுக்குள்ள மூடிருங்க."

அக்காள் சன்னலிடம் போய், நகத்தால் டேப்பைக் கிளப்ப ஆரம்பித்தாள்.

பேத்தி பிறந்தாள். அந்த அறையில், அந்தப் புதுத் தரைமேல், மருந்துப் பொடியும் பூண்டுக் குழம்பும் மணக்க நாற்பது நாள் பத்தியம் நடந்தது. சம்மந்தியம்மாள் பார்க்க வந்தபோது கூரைக்கு மேல் நின்ற குழாயைக் காட்டி, அடுப்புப் புகைக்கா என்று கேட்டார். என் அக்காள், ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள், யுரேனியத்தில் தொடங்கிப் பிளாஸ்டிக் விரிப்பு வரைக்கும் ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். சம்மந்தியம்மாள் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "எங்க வீட்டுலயும் வெச்சுப் பாக்கலாமா?" என்றார். அக்காள் முகத்தில் அன்று நான் பார்த்ததை வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தப் பெண்ணின் கட்டாயத்தில் அக்காளும் மச்சானும் மருத்துவமனைக்குப் போய் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார் டாக்டர். படத்தை அக்காள் சாமி மாடத்தின் பின்னால் சொருகி வைத்திருக்கிறாள். நான் எத்தனையோ வீட்டுக்குள் போய்வருகிறேன், கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறேன். ஒரு வீட்டுத் தரையைக் குனிந்து தொட்டுப் பார்க்க ஒருவர் சனிக்கிழமையை விட்டுவிட்டு வந்தார். இழைத்துப் பூசிய தரையை ஒரு மனிதர் தன் கையாலேயே உடைத்தார். ஒருத்தி தான் நம்பியிருந்த டேப்பைத் தானே பிரித்தாள். காரோட்டிப் போகும்போது யாரிடம் என்று இல்லாமல் நன்றி சொல்லிக்கொண்டே போகிறேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் பார்க்கிறார்கள்.

நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றி முடிந்த மறுநாள், கருவியைத் திரும்ப எடுத்துப்போக அந்தப் பெண் வந்தார். அக்காள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தாள். மச்சான் பை நிறைய முருங்கைக்காயைக் காரில் வைத்தார்.

"போயிட்டு வாரேன்க்கா" என்றார் அவர், கார்க் கண்ணாடியை இறக்கி. "ஃபேன் ஓடுதான்னு மட்டும் தெனமும் ஒரு பார்வ பாத்துக்குங்க. அடுத்த வருசம் ஒரு தடவ மறுபடி வெச்சுப் பாப்போம்."

"வாங்கம்மா" என்றாள் அக்காள். "அதுக்குள்ள இவ நடந்துருவா."